கலியாணச் சட்டைக்கு அளவு

நபீஸா: அசையாதீங்க புள்ள... கையக் கொஞ்சம் தூக்குங்க. போன கிழம எடுத்த அளவு, அதுக்குள்ள மெலிஞ்சிட்டீங்களா?

நஸ்ஹா: அளவுக்கு வரல்ல ராத்தா. உம்மாக்கிட்ட அப்பிடிச் சொல்லிட்டு வந்தன். வாப்பா தந்த கடதாசி எங்க?

நபீஸா: மெஷினுக்குக் கீழ இரிக்கி. வெள்ளிக்கிழம வந்து எடுப்பாராம்.

நஸ்ஹா: ஒப்பம் வெச்சிட்டீங்களா?

நபீஸா: ஊட்டுச் சொந்தக்காரர் கேட்டா வெக்காம...

நஸ்ஹா: வெச்சீங்களா, இல்லயா?

நபீஸா: கலியாணப் பொண்ணு இப்பிடி வேர்த்தா எப்பிடி... ஃபேனுக்குக் கீழ நில்லுங்க.

நஸ்ஹா: பகிடிய உடுங்க ராத்தா.

நபீஸா: இன்னும் வெக்கல்ல. பேனை தேடணும்.

நஸ்ஹா: தேடாதீங்க. அதுல என்ன இரிக்கெண்டு தெரியுமா?

நபீஸா: ரெண்டு கிழமையில ஊட்டத் திருப்பிக் குடுக்கிறன் எண்டுதானே.

நஸ்ஹா: "நானாகவே விரும்பி வெளியேறுகிறேன், எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை" எண்டும் இரிக்கி. அதுக்குக் கீழ ஒப்பம் வெச்சா மறுகா ஒங்களுக்காக யாரு பேசிற?

நபீஸா: நீங்க எப்ப வாசிச்சீங்க?

நஸ்ஹா: வாப்பா சொல்லச் சொல்ல எழுதினதே நான்தான்.

நபீஸா: அதான் எழுத்து முத்து முத்தா இரிக்கி...

நஸ்ஹா: ஒங்கட எக்ரிமெண்ட்ட எடுங்க. ஊட்ட உட்டு எழும்பச் சொல்றதெண்டா மூணு மாசத்துக்கு முந்தி எழுத்துல அறிவிக்கணுமெண்டு அதுல இரிக்கி. ரெண்டு கடதாசியையும் தூக்கிட்டு நாளைக்கே மட்டக்களப்புக்குப் போங்க. கோட்டுக்குப் பக்கத்துல சட்ட உதவிக் கந்தோர்...

நபீஸா: நான் தையக்காரி புள்ள. ஒங்கட வாப்பாவோட கோடு கச்சேரி ஏறவா? ஆறு வருசமா இந்த ஊட்டுல இரிக்கன். ஒரு சொல்லு சொன்னதில்ல அவரு.

நஸ்ஹா: கோடு ஏறச் சொல்லல்ல. கேக்கத்தான் சொல்றன். எல்லாம் முடிஞ்ச பொறகு லோயரத் தேடிப் பிரயோசனமில்ல. ஒப்பம் வெக்க முந்திக் கேக்கணும். ஊட்டுத் தொறப்பக் குடுக்க முந்திக் கேக்கணும்.

நபீஸா: எனக்கு மட்டும் போக ஆசையா? பெருநாள் சட்டை நாப்பது கிடக்கு. மூணு புள்ள. ஆத்தங்கரப் பக்கம் ஒரு ஊடு கேட்டன்... மெஷின் சத்தம் ஏலாதாம். ஆனா இது ஒங்களுக்குச் சீதனமா எழுதுற ஊடு. மாப்புள வந்து இறங்க ஊடு இல்லாட்டி இந்த ஊர்ல நிக்காஹ் நடக்குமா?

நஸ்ஹா: நடக்காது.

நபீஸா: அப்ப?

நஸ்ஹா: இப்ப நடக்க வேணாம் எனக்கு.

நபீஸா: மாப்புளயப் புடிக்கல்லயா?

நஸ்ஹா: அவர் நல்லவர்தான். கட்டார்ல இருந்து ஒரு மாச லீவுல வாறார், அதான் இந்த அவசரம். நான் எழுதுற கலாசாலக் கடைசிச் சோதின ரெண்டு மாசத்துல. கலியாணத்துக்குப் பொறகு படிப்பு வேணாமெண்டு மாமி சொல்லிட்டா. வாப்பாக்கிட்ட அழுது பாத்தன்... காது குடுக்கல்ல. நீங்க எழும்பாட்டி அந்த மூணு மாசம் எனக்கும் கிடைக்கும். ஒங்களுக்காக மட்டும் வரல்ல நான். கோவிக்காதீங்க.

நபீஸா: அந்த அலுமாரியத் தொறங்க.

நஸ்ஹா: என்னத்துக்கு?

நபீஸா: கீழ்த்தட்டு. பச்சப் பை.

நஸ்ஹா: இது... என்ட கலியாணத் துணி. வெட்டியாச்செண்டு உம்மாக்கிட்டச் சொன்னீங்களே?

நபீஸா: பொய் சொன்னன். திங்கக்கிழம வெள்ளன பஸ் ஏறி நீங்க சொன்ன அதே கந்தோருக்குப் போனன். மூணு மாசத்துக்கு முந்தி எழும்ப ஏலாதெண்டு லோயரம்மா எழுதின கடிதம் இண்டைக்குப் பதிவுத் தபால்ல ஒங்கட வாப்பாக்குப் போய்ட்டு. ஒங்கட கலியாணத்தக் குழப்பிட்டனே எண்டு ஒங்கட மொகத்தப் பாக்க வெக்கத்துலதான் இந்த அளவு நாடாவப் புடிச்சிக்கிட்டு நிண்டன்... போய்ப் படிங்க புள்ள. துணியில கத்திரி படல்ல.