பதினாறு புள்ளிக்கு ஒரு நிறம்

பெரியப்பாவின் முகத்தைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்தக் குறையும் இல்லை. நல்ல முகம். மூக்கு கொஞ்சம் தாராளம், அதுவும் எங்கள் குடும்பச் சொத்து. அக்கா கல்யாண வீடியோவில் அந்த முகம் பிசைந்துவைத்த மாவு மாதிரி வந்ததற்கு யார் காரணம் என்று போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கூடி என்னை நடுவில் உட்காரவைத்து விசாரித்தது. நான்தான் காரணம். ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நிதானமாகக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் வருவீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு, முடிவில் என்ன நிறம் என்று கார்டு கணக்குப் போட வேண்டும். எல்லாப் புள்ளிக்கும் ஒரே அக்கறையோடு போட்டால் அது கொதித்துப்போகும், படம் திக்கித் திணறும். அதனால் கண் பார்க்கிற இடத்தில் புள்ளிக்குப் புள்ளி கணக்கு. யாரும் சட்டை செய்யாத இடத்தில் பதினாறு புள்ளிக்குச் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே நிறம். எந்த இடத்துக்கு எந்த விகிதம் என்று கார்டுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. வெளியாட்கள் இதை ஓரவஞ்சனை என்பார்கள். நாங்கள் சிக்கனம் என்போம்.

அக்கா கல்யாணத்துக்குத் தேதி வைத்த பிறகு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்ற பெண்ணின் கல்யாணத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அம்மா அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை. "அழாதம்மா. கட்டில்ல படுத்துக்கிட்டே நேர்ல பாக்கிற மாதிரி பாக்கலாம், நான் பாத்துக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். மண்டபத்தைச் சுற்றிக் கேமரா வைத்து, வருகிற ஒவ்வொருவரையும் முப்பரிமாண உருவமாக்கி, ஊரில் அம்மா கண்ணை மறைத்துத் தலையில் மாட்டியிருக்கும் கண்ணாடி ஹெட்செட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். அங்கே அம்மா தலையைத் திருப்பினால் இங்கே மண்டபத்துக்குள் திரும்பிப் பார்த்த மாதிரி இருக்கும். மாட்டிவிட சித்தி துணைக்கு இருந்தாள்.

அத்தனை பேரையும் முழுக் கணக்கில் காட்ட கார்டு தாங்காது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். பிறகு தராதரம் பிரித்தேன். அக்காவுக்கும் மாப்பிள்ளைக்கும் புள்ளிக்குப் புள்ளி. மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அப்படியே, சம்பந்தியைப் பகைத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா. மாமாக்களுக்கு நாலு புள்ளிக்கு ஒரு நிறம். பார்த்த இடத்திலெல்லாம் எனக்கு அறிவுரை சொல்லும் ஒன்றுவிட்ட அண்ணன்களுக்கு எட்டுக்கு ஒன்று. பெரியப்பாவுக்குப் பதினாறு.

இதில் அநியாயம் எதுவும் இல்லை. அம்மாவின் கண் யார்மேல் நிலைக்கிறதோ அவர் உடனே தெளிவாகிவிடும்படி ஹெட்செட்டில் வசதி உண்டு. அம்மா ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் பெரியப்பாவும் பளிச்சென்று வந்திருப்பார். அம்மா பார்த்ததுதான் அப்படியே பதிவாகி, பிறகு எல்லோருக்கும் டிவியில் ஓடியது. "ஏண்டா, என் மூஞ்சி மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று அவர் கேட்டால், "அம்மா உங்களப் பாக்கவே இல்ல பெரியப்பா" என்றா சொல்ல முடியும்? மெஷின் கோளாறு என்று பழியைக் கார்டின் தலையில் கட்டினேன்.

அதே வீடியோவில், பெரும்பாலும் படத்தின் நடுவிலேயே, இன்னொரு மாவு உருவமும் நின்றது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது அப்பா.

நான் கல்லூரியில் படித்தபோது அப்பா வீட்டைவிட்டுப் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை, போனவர் திரும்பவில்லை. அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்து எங்களை ஆளாக்கினாள். அவரைத்தான் அக்கா யாருக்கும் தெரியாமல் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "ஓரமா நின்னு பாத்துட்டுப் போறேன்னு சொன்னார்டா. பிரச்சினை பண்ணாத" என்று மேடைக்குப் போகும் வழியில் என் காதைக் கடித்தாள். நான் பிரச்சினை பண்ணுகிற ஆளே இல்லை. மேடைக்குப் பின்னால் போய் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். வாசல் பக்கம் புதிதாக ஓர் உருவம் முளைத்தது. அதற்குப் பதினாறு கொடுத்தேன். கண் பட்டால் தெளிவாகும் வசதியையும் அவர் ஒருவருக்கு மட்டும் அணைத்தேன். அம்மா நிம்மதியாகக் கல்யாணம் பார்க்கட்டும், ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும் என்றுதான்.

ஆனால் என் தொழிலில் இருப்பவன் மறக்கக் கூடாத ஒன்றை மறந்துவிட்டேன். புள்ளிகளைச் சேர்க்கும் இந்த உத்தி உள்ளே நிரப்புகிற நிறத்தைத்தான் மொத்தையாக்கும், உருவத்தின் விளிம்பைத் தொடாது. கண்ணும் மூக்கும் வாயும் ஒரே சாயமாகக் கரைந்துபோயின. ஆனால் ஒரு தோள் இறங்கி, கையைப் பின்னால் கட்டி, ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிற அப்பாவின் அந்தப் பழைய நிற்பு கத்தரித்து ஒட்டியது போல அப்படியே இருந்தது.

அம்மாவின் பார்வை போகுமிடம் என் திரையில் சிவப்புப் பொட்டாகத் தெரியும். அந்தப் பொட்டு வாசல் பக்கம் போய் அங்கேயே நின்றது. அக்காவும் மாப்பிள்ளையும் மோதிரம் மாற்றியபோது மேடைக்கு வந்தது, கை தட்டி முடிப்பதற்குள் திரும்பிப் போய்விட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர் முகம் வந்துவிடும். என் விரல் அதன்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. "உங்கம்மா அந்தக் கண்ணாடியக் கழட்டிக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டே இருந்தாங்கடா, தூசு போல" என்று சித்தி பிற்பாடு சொன்னாள்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். அக்கா அழகாக இருந்தாள், மாப்பிள்ளை நல்ல நிறம், எல்லாம் சொல்லிவிட்டு, "வாசப்பக்கம் மங்கலா ஒண்ணு நின்னுச்சே, அது என்னடா?" என்றாள்.

"தூணும்மா."

"தூணா?"

"ஆமாம்மா. மண்டபத்துத் தூண்."

"அந்தத் தூண் கண்ணத் தொடச்சுக்கிச்சுடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

மறைக்க இனி ஒன்றுமில்லை. அன்றைக்கு மண்டபம் நிரம்பி வழிந்தபோதும் கார்டின் சக்தியில் பாதிக்கு மேல் சும்மாதான் கிடந்தது. வந்திருந்த ஒவ்வொருவரையும் புள்ளிக்குப் புள்ளி காட்டியிருக்கலாம். அம்மா மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும்தான் அப்படிச் செய்தேன், எனக்காக இல்லை. அம்மாவுக்குப் போன படம் வேறு, என் லேப்டாப்பில் ஓடிய படம் வேறு. அதை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை, அதிலும் அப்பாவைக் கடைசிவரை பதினாறிலேயே வைத்திருந்தேன்.