ராப்போஜனத்துக்கு முந்தின சனிக்கெழம

மில்லு மொதலாளி இல்ல தம்பி, மேஸ்திரியும் இல்ல. எனக்கு மொதமொத அநியாயம் பண்ணது ஒங்க தியோடரு வக்கீலுதான். அத்த மனசுல வெச்சிக்கினு அப்பறம் பேசு. அந்தக் கட்டை மேல ஒக்காராத, தேளு கீது. விறகு மண்டியில பின்ன என்ன இருக்கும்? இந்தச் சாக்கு மேல வா. பையில இன்னா? தொற. சரி, சோத்து டப்பா. அந்தப் பென்சிலு? கீழ வெய்யி. நான் பேசறப்போ எவனும் எழுதக்கூடாது.

சித்தூர்ல இருந்து திருப்பதிக்குக் கரியப் போட்டு ஓட்ற காருல புகையக் குடிச்சிக்கினு வந்துகீற. சண்டக்காலம், பெட்ரோலு கெடைக்காத நேரம். இப்ப போயி ஒரு வக்கீலு தன் ஜூனியர இம்மாந்தூரம் அனுப்பறாருன்னா சும்மா அனுப்புவாரா? சாவக் கெடக்கறாருன்ற. இருக்கலாம். டாக்டரு சொன்னாரா, அவரே சொல்லிக்கினாரா? நீ கண்ணால பாத்தியா? பாத்தியா. சரி.

மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த நான் சொல்லணும், அத்த நீ கொண்டு போயி அவரு கிட்ட சொல்லணும். அவ்ளோதானே? ஒரு வார்த்தைய வெச்சி அவரு இன்னா பண்ணுவாருன்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கூடவே கீறியே, அவரு தொழிலப் பாத்துகீறதானே? ஜில்லாவுல பெரிய மில்லு, பஸ் கம்பெனி, தோல் மண்டி எல்லாத்துக்கும் அவருதான் யோசன. எவனையும் நெலையா வெச்சிக்காத, நடுவுல கொஞ்ச நாளு நிறுத்திட்டு மறுபடி புதுசா சேத்துக்கோன்னு மொதலாளிங்களுக்கு சொல்லிக் குடுத்ததே அவருதான். சத்தம் போடமாட்டாரு. எவனுக்காவது அடிபட்டா போலீசு வர்றதுக்கு முந்தி ஆரஞ்சுப் பழத்தோட வந்து நிப்பாரு. எப்பிடி நைனா ஆச்சுன்னு கேப்பாரு. அவன் அழுதுக்கினே எல்லாத்தையும் கொட்டிடுவான். அந்தப் பழத்தத் துன்னவன் எவனும் கேஸு ஜெயிச்சதில்ல. சிரிக்கிற. அப்போ உனக்கும் தெரியும்.

எனக்கும் கொண்டாந்தாரு. நான் தொடல. அதனாலதான் வேற வழி தேடினாரு.

கடலக்கா ஒடைக்கிற மில்லு. மெஷினு பெல்ட்டு மேல ஒரு இரும்பு மூடி இருக்கும். தோலு அடைச்சிக்கினா மெஷின நிறுத்தித் தள்ளணும். நிறுத்தினா மொதலாளிக்குக் கோவம் வரும். மூடியக் கழட்டிட்டு ஓட்றா கிருபானந்தம்னு சொன்னாரு ரங்கையா மேஸ்திரி. ஓட்னேன். இதோ, பெல்ட்டு இழுத்து முழங்கை வரைக்கும் போச்சு. பாரு, பரவால்ல, பாக்கத்தான் காட்றேன். மேஸ்திரி சொல்லிக் கழட்டுனேனா, நானாக் கழட்டுனேனா? நஷ்டஈடு கேட்ட கேஸே அவ்ளோதான். நானாக் கழட்டிருந்தா கம்பெனிக்குப் பொறுப்பில்ல, சட்டம் அப்பிடி. ரங்கையா எப்பிடி சாட்சி சொல்லுவான்னு வக்கீலுக்கு நம்பிக்க இல்ல. என் வாயால வந்தா நல்லதுன்னு பாத்தாரு.

நீ காளஸ்திக்காரன், எங்க சபை இல்ல. உனக்குத் தெரியாது, கேட்டுக்க. ராப்போஜனம்னு அப்பமும் திராட்சரசமும் வாங்கற ஞாயித்துக்கெழம வரும். அதுக்கு முந்தின சனிக்கெழம சாயங்காலம் ஒரு கூட்டம் போடுவாங்க. யாருக்கு யாரோட மனஸ்தாபமோ அவங்க எழுந்து போயி, கையப் புடிச்சி, தப்பு என்னுது, மன்னிச்சிடுங்கன்னு சொல்லணும். கேட்டவங்களும் திருப்பி அதையேதான் சொல்லணும். சொல்லாதவன் மறுநாளு பந்திக்கு வரக்கூடாது. நெஜமா யாரு மேல தப்புன்ற பேச்சே அங்க கெடயாது. அடி வாங்குனவனும் சொல்வான், அடிச்சவனும் சொல்வான். மாமியாரே மருமக கிட்ட சொல்வாங்கன்னா பாத்துக்கயேன்.

செவ்வாக்கெழம கோர்ட்டுக் கச்சேரியில கேஸு. அதுக்கு முன்ன வந்த சனிக்கெழம, எங்க சபையில எப்பவும் முன்பெஞ்சில ஒக்கார்ற வக்கீலு எம்பக்கத்து பெஞ்சில வந்து ஒக்காந்தாரு. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனா கோயிலுக்குள்ள ஒக்காந்துக்கினு சந்தேகப்படலாமா? எங்க பாதிரி ஐயரு வேற வந்து, கிருபானந்தம், வக்கீலு மேல மனசுல ஒண்ணும் வெச்சிக்காதப்பான்னாரு. போனேன். மிச்சம் இருந்த கையால அவரு கையப் புடிச்சேன். தப்பு என்னுது, மன்னிச்சிடுங்கய்யான்னேன். அவரு திருப்பி சொல்லணும் இல்ல? சொல்லல. கண்ண மூடிக்கினாரு. ஜெபம் பண்றாருன்னு நெனச்சேன்.

கச்சேரியில என் கையில வேதத்தக் குடுத்து சத்தியம் வாங்கினாங்க. மெட்ராஸ்ல இருந்து வந்த ஜட்ஜு தொர, நம்ம சபை வழக்கம் அவருக்கு எங்க தெரியும்? வக்கீலு மெதுவா எழுந்தாரு. சனிக்கெழம சாயங்காலம் தப்பு என்னுதுன்னு எங்கிட்ட சொன்னியான்னாரு. ஐயா, அது வந்து சபையிலன்னு ஆரம்பிச்சேன். அவுனா, காதா, ஆமாவா இல்லியா, அத்த மட்டும் சொல்லுன்னாரு. சொன்னது நெஜம். வேதத்தக் கையில வெச்சிக்கினு சொல்லலன்னு எப்பிடி சொல்றது? அவுனுன்னேன். அதோட முடிஞ்சிது. கோர்ட்டுக்கு ஐயரே வந்து சொல்லிருக்கலாம், அது வெறும் வழக்கம்னு. வரல. கோயிலுக்குக் கூரை போட்டுக் குடுத்தது வக்கீலாச்சே.

அதுக்கப்பறம் எங்க சபையில ஒரு கூத்து. சனிக்கெழம ஆனா எல்லாரும் கையப் புடிச்சிக்கினு ஒருத்தர ஒருத்தரு மொறச்சிக்கினு நிப்பாங்களாம். எவனும் வாயத் தொறக்கறதில்ல. நான் போறதையே உட்டுட்டேன். எம் பொண்டாட்டி ஞானம்மாவக் கூட்டிக்கினு இங்க வந்துட்டேன்.

வக்கீலு இங்க வந்தாரு, இல்லன்னு சொல்லல. போன வருசம் இந்தத் தராசு பக்கத்துல நின்னுக்கினு, கிருபானந்தம், தப்பு என்னுதுன்னாரு. நான் வெளிய போயி மண்டிய ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன், எவனாவது ஒளிஞ்சிக்கினு கேக்கறானான்னு. அழுதாரு. அழட்டும். இத்த கச்சேரியில வந்து சொல்வீங்களான்னேன். கம்பெனிங்க எல்லாம் கைவுட்டுடுவாங்கப்பான்னாரு. அப்போ போயிட்டு வாங்கன்னுட்டேன்.

இன்னாத்துக்குத் தலைய ஆட்ற? கல்லு மனசுன்னா? வெளிய வண்டியில யாரு ஒக்காந்துகீறது? டிரைவரா? அவன அந்தப்பக்கம் போவச் சொல்லு.

காசுக்கா? அதெல்லாம் எப்பவோ போனா போவுதுன்னு உட்டுட்டேன். கையும் அப்பிடித்தான். ஒத்தக் கையால கோடாலியே புடிப்பேன் நானு.

ஞானம்மா போன தை மாசம் போயிட்டா. மத்தியான நேரம். நல்ல நெனவு இருந்தது அவளுக்கு. ராப்போஜனம் எடுக்கணும்னா, இங்கத்து ஐயர வரவழைச்சேன். எடுக்கறதுக்கு முன்ன எம்பக்கம் திரும்பி, தப்பு என்னுது, மன்னிச்சிடுங்கன்னா. அவ மேல இன்னா தப்பு? ஒண்ணும் இல்ல. என்னக் கட்டிக்கினு பட்டதுதான். இப்ப நான் சொல்லணும். எம்மூஞ்சியவே பாத்துக்கினு கீறா. ஐயரு தட்ட வெச்சிக்கினு நிக்கறாரு. வாசல்ல பக்கத்து வூட்டு செங்கம்மா நிக்கறா. இவங்க எல்லாம் இன்னாத்துக்கு கேட்டுக்கினு நிக்கறாங்கன்னு பட்டுது எனக்கு. கொஞ்சம் வெளிய இருங்கன்னேன். ஐயரையுந்தான். கதவச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். சாத்திட்டு வந்து கட்டிலாண்ட ஒக்காந்தேன்.

கண்ணு தொறந்துதான் இருந்தது. அவதான் இல்ல.

ஒங்க வக்கீலு கிட்ட சொல்லு. சட்டம் தெரிஞ்சவரு, அவ காதுல அந்த வார்த்த போவறதுக்கு ஒரு வழி சொல்லட்டும். சொல்லிட்டார்னா நான் இங்க இருந்தே மன்னிச்சிடறேன். கெளம்பு, பொழுதோட போயி சேரு. அவரு இருக்கறப்பவே கேட்டுடு.