ஏழாவது சாமான்

பழைய புளி கெட்டுப்போகாது, ஷெரோன் மிஸ். அரிசி வாளிக்குப் பின்னால் நீங்கள் கண்டெடுத்த பதினொரு பைகளையும் வீசத் தேவையில்லை. கறிக்கு ஆகும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தம்பியைப் பழக்கும் விதத்தைச் சொல்லித் தந்தவர் நீங்கள்தான். கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்த கஜானன், மோட்டார் சைக்கிளால் விழுந்து தலையில் அடிபட்டு, மூன்று கிழமை கண் திறக்காமல் கிடந்தான். பள்ளிக்கூடம் தொடங்குகிறதென்று மனைவி மகளோடு திரும்பிப் போய்விட்டாள். கண் திறந்தவனுக்குப் பழையதெல்லாம் நினைவிருந்தது. புதிதாகச் சொன்னதுதான் மனதில் நிற்கவில்லை.

"சாமான்களைச் சொல்லிச் சந்தைக்கு அனுப்புங்கோ அக்கா. ஏழு சாமானை எழுதிக் குடுக்காமல் வாங்கி வந்தாரெண்டால், தனியாப் பிளேன் ஏறலாம்" என்றீர்கள்.

அப்படியே செய்தேன். மூன்று சாமான் ஐந்தானது. வைகாசியில் ஒருநாள் மருதனார்மடம் சந்தையிலிருந்து ஏழையும் கொண்டுவந்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அவன் கால் கழுவப் போன நேரம் புளியை எடுத்து ஒளித்தேன்.

"புளியை விட்டிட்டாய், தம்பி."

"வாங்கினனான் அக்கா. காசும் குடுத்தனான்."

"உனக்கு அப்பிடித்தான் கிடக்கும், ராசா."

வெயிலில் திரும்பவும் நடந்தான்.

அம்மா செத்து ஒன்பது வருடம். தனியாக இருந்து தின்றால் சோறு தொண்டையில் இறங்காது, மிஸ். அவன் வந்தபிறகு இரண்டு கோப்பை கழுவினேன். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற பிள்ளையைப் போலத்தான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் அவன் வாசல் கேற்றைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டான். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

போன ஞாயிறு மகள் போனில், "அப்பா, நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று விளையாட்டாகக் கேட்டாள்.

"ஆரபி" என்றான், சரியாக. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் தலையாட்டவில்லை.

"இல்லை... பொறுங்கோ, அக்காவைக் கேட்டுச் சொல்லுறன்."

பிள்ளை அழத் தொடங்கிவிட்டது. "அப்பாக்கு இன்னும் சுகமில்லை, குஞ்சு" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

ஓம், ஒளித்தது நான்தான். பதினொரு தரமும். ஆனால் நான் அவனை வருத்தினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உள்ளேதான் இருக்கிறான், கூப்பிட்டுக் கேளுங்கள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, சரியாகச் சொல்வான்.