குறை உண்டு என்று கூசாமல் சொல்வோம்

அவையை அன்போடும் அதட்டலோடும் நடத்திவரும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, முன்வரிசையில் முழங்காலை நீட்டி முறுவலோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கும் தாய்மார்களே, நம்மை நம்பி இரண்டாம் முறையாக வந்திருக்கும் இணைய நிறுவனப் பொறியாளர் தம்பி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்!

நான் குழாய்க்கடைக்காரன். எனக்குத் தெரிந்த தத்துவம் ஒன்றுதான். பெரிய குழாய் ஊருக்கு வெளியே நின்றுவிட்டால், வீட்டுக் குழாயைத் திருகத் திருகக் காற்றுதான் வரும். அதிவேக இணையம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நம் கைப்பேசியில் வருவது என்ன? காற்று!

சிரிக்கிறீர்கள். நம் தையல் அக்காவைக் கேளுங்கள். மருத்துவமனைகளுக்கு மேலங்கி தைத்துத் தருகிறார். தெருப் பெண்கள் பலருக்கு வேலையும் தருகிறார். தைத்த மாதிரியை வீடியோவில் காட்டினால்தான் நகரத்து அம்மையார் ஆர்டர் கொடுப்பார். அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

“அண்ணே, நான் கோட்டுக் கையைக் காட்டுறேன், ‘எங்கே, எங்கே’ங்கிறாங்க. நான் மடிச்சு உள்ளே வச்சப்புறம், ‘ஆ, கை நல்லாருக்கு’ங்கிறாங்க! போட்டுக் காட்டின என் நாத்தனார் போன் திரையில திறந்த வாயோட அப்படியே நின்னுட்டா. லைன் போச்சுன்னு எனக்கே தெரியல, அவ எப்பவும் அப்படித்தானே!”

நாத்தனார் அம்மா, முறைக்காதீர்கள். சொன்னது நானல்ல!

ஆனால் அடுத்து அக்கா சொன்னது சிரிக்கிற விஷயமல்ல. “அடுத்த சீசனுக்குள்ள லைன் சரியாகலேன்னா வேற ஆளைப் பார்ப்பாங்களாம். நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடி போயிடலாம். என்னை நம்பி இருக்கிற பொண்ணுங்க எங்கண்ணே போவாங்க?”

சரக்கு வரவில்லையென்றால் கிடங்குக்கே போய் நிற்பவன் நான். இணைய நிறுவன அலுவலகத்துக்கே போனேன். இந்தப் பொறியாளர் தம்பி என்ன சொன்னார்?

“லைன் வேணுமான்னு வீடு வீடா வந்து கேட்டோம் சார். எல்லாரும் உட்கார வச்சு டீ குடுத்து, ‘எங்களுக்கென்ன குறை’ன்னு சொல்லிட்டாங்க. ஒரு பெரியவர், ‘என் மருமக வீட்டுல உட்கார்ந்தே ராஜாங்கம் நடத்துறா, போங்க தம்பி’ன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்!”

அந்தப் பெரியவர் யார்? தையல் அக்காவின் மாமனார்! இதோ, முன்வரிசையில் மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

அவரை மட்டும் சொல்வானேன்? வாசலுக்கு வந்தவரிடம் வறுமை பேசாத வம்சம் நாம். விருந்தாளியிடம் குறை சொல்லாதது பண்பு. விற்க வந்தவரிடம் குறை சொல்லாதது வீண்! அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்? நாம் அழாததோடு, ஏப்பமும் விட்டுக் காட்டியிருக்கிறோம்!

மருத்துவரின் முகம் திரையில் தெரியாமல், குரலை மட்டும் கேட்டு மருந்து விழுங்கும் முதியவருக்குக் குறையில்லையா? பாடம் பாதியில் நிற்க, பரீட்சை மட்டும் பிந்தாமல் வரும் மாணவிக்குக் குறையில்லையா? திறமை தெருவில் இருக்க, திரை மட்டும் திணறுவது குறையில்லையா?

என்ன? “உமக்கு என்ன லாபம்” என்று கேட்கிறீரா, பின்வரிசை நண்பரே? உண்டு! கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோகக் குழாய் வேண்டும். என் கடையில் இருக்கிறது. மறைத்து விற்று எனக்குப் பழக்கமில்லை!

தம்பி பேனாவோடு காத்திருக்கிறார். குறையுள்ள வீட்டுக்காரர்கள் கையைத் தூக்குங்கள். ஏன் இந்தத் தயக்கம்? பக்கத்து வீட்டைப் பார்க்காதீர்கள், பக்கத்து வீடு உங்களைப் பார்க்கிறது!

யாரது எழுவது? அக்காவின் மாமனாரா? பின்னால் கேட்கவில்லையாம், நானே உரக்கச் சொல்கிறேன்: “என் மருமகளுக்குக் குறை இருக்கு தம்பி. என் வீட்டை முதல்ல எழுது!”

அடடா, அடடா! கை எழுகிறது, கைகள் எழுகின்றன, கூடமே கையாகிறது! அம்மா, வீட்டுக்கு ஒரு கை போதும், இரண்டையும் தூக்காதீர்கள்!

வாய் திறந்த வீடுகளுக்கெல்லாம் என் வணக்கம். வந்தமர்ந்து கேட்ட உங்களுக்கு நன்றி. தம்பி, பேனாவில் மை இருக்கிறதல்லவா? எழுதுங்கள்!