துப்பாக்கிக் குழலில் ஒட்டிய பிளாஸ்டிக்

குழலைத் துடைத்த துணி வெள்ளையாக வருகிறது, ஆனாலும் குண்டு குறியில் விழவில்லை. ஏன்? டெல்பர்ட் ஹிக்கல் மூன்று வருடம் விடை தேடினான். நானும் கூடச் சேர்ந்து தேடுவதுபோல் இருந்தேன்.

துப்பாக்கி கிளப் கமிட்டி கேட்பதால் முறையாகவே சொல்கிறேன். எங்களுடையது குழலின் வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. வெடிமருந்தைப் போட்டு, பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்த குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவோம். சுடும்போது கிண்ணம் உரசிக் குழலின் உட்சுவரில் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும். மருந்துக் கரி சோப்புத் தண்ணீரில் போய்விடும், பிளாஸ்டிக் போகாது. துணி அதன்மேல் வழுக்கிக்கொண்டு சுத்தமாகவே வரும். என்ன அழகான ஏமாற்று, பாருங்கள்.

இலையுதிர்காலப் போட்டியில் ஜெயிப்பவனுக்குத்தான் மான் வேட்டைப் பருவத்தில் மேட்டு ஓக் மரத்துப் பரண், கிளப்பிலேயே நல்ல வேட்டை இடம். பதினோரு வருடம் அது டெல்பர்ட்டுக்கு. பதினோரு வருடமும் நான் இரண்டாவது.

பன்னிரண்டாவது வருடம் அவன் குண்டுகள் சிதறின. "என்னடா ரஸ், உன் வேண்டுதல் பலிச்சிருச்சா?" என்று சிரித்தபடியே துப்பாக்கியை என்னிடம் நீட்டினான். குட்டி விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தோல் தெரிந்தது.

"பளிங்கு மாதிரி இருக்குடா," என்றேன்.

அடுத்த வருடம் இன்னும் மோசம். துப்பாக்கி பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வந்து வலது கையை நீட்டினான்.

"நெசமாச் சொல்லு. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. நடுங்குதா?"

அவன் அப்பாவுக்குக் கடைசியில் கரண்டி பிடிக்க முடியவில்லை. இவன் கை பாறை மாதிரி நின்றது. கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தேன்.

"லேசா," என்றேன். நோய் என்ற சொல்லை நான் சொல்லவேயில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு வருடம் ஓட்டிய பள்ளிப் பேருந்தை அவனாகவே விட்டான். புதிதாகப் பிறந்த பேத்தியைத் தூக்க மறுத்தான். "கீழ போட்டுட்டா என்ன பண்றது?" என்பான். போட்டியில் ஜெயித்து நான் பரணில் இருந்தேன். நல்ல காற்று, இரண்டு நல்ல கொம்பு மான்கள். வருடா வருடம் அவனுக்கு மான்கறித் தொத்திறைச்சி கொடுத்தனுப்பினேன். நான் கஞ்சன் இல்லை.

போன மாதம் அவன் மனைவி நோமா அவனைக் கொலம்பஸ் நகரத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப்போனாள். மறுநாள் துப்பாக்கியை என் மேஜையில் வைத்தாள்.

"அவர் கையில ஒண்ணுமே இல்லையாம் ரஸ். அப்ப இதுல என்ன இருக்கு?"

விளக்கம் கேட்டால் எனக்குச் சொல்லாமலிருக்க முடியாது. யாராவது முன்பே இப்படிச் சரியாகக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். உள்ளே மருந்து இல்லை என்று உறுதிசெய்து, பின்மூடியைக் கழற்றி, குழல் கை தாங்காத சூடாகும்வரை கொதிநீர் ஊற்றினேன். பிளாஸ்டிக் இளகியதும் வெண்கலத் தூரிகையை முழு நீளத்துக்கும் பத்து முறை இழுத்தேன். நாடா நாடாவாக உரிந்து வந்தது. துடைத்து, எண்ணெய் பூசினேன். கொதிநீர், வெண்கலத் தூரிகை, கால் மணி நேரம். அவ்வளவுதான்.