ஐஸ் போடாத ஸ்மூதி

ஸ்மூதிக்கு ஐஸ் போடவே கூடாது மேடம். நிறைய பேரு அங்கதான் கோட்டை விடுறாங்க. ஐஸ் போட்டா கொஞ்ச நேரத்துல தண்ணியா போயிடும், வாயில ஒரு ருசியும் நிக்காது. பழத்தையே சின்னச் சின்னதா வெட்டி, ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல போட்டு வச்சிருங்க. அந்தப் பழம்தான் ஐஸு. ரெண்டு கரண்டி தயிர், பிளெண்டர்ல ஒரு சுத்து, முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போயி செஞ்சு பாருங்க, அப்புறம் என்னைய நினைச்சுக்குவீங்க.

சரி சரி, விஷயத்துக்கு வாரேன். ரெக்கார்டு ஆகுதுல்ல? பேரு கலாதேவி, வயசு அம்பத்தாறு, வீடு ஈப்போ புந்தோங். வீட்டுக்காரரு கனகராஜ், லோரி ஓட்டுனவரு, போன மாசம் தவறிட்டாரு. ஒரே மக ஷர்மினி, தைப்பிங்ல டீச்சரா இருக்கா. அவ என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னான்னு சொன்னீங்க. அதுக்கும் பதில் சொல்றேன், கடைசியில சொல்றேன். முன்னாடியே சொன்னா உங்களுக்கு ஒண்ணும் விளங்காது.

அவருக்கு இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, முத்திப்போயி ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. மூணு வருசமா வாரத்துக்கு மூணு தடவை ரத்தம் கழுவ, டயாலிசிஸ்னுவாங்களே, அதுக்குப் போகணும். அதைக்கூடப் பொறுத்துக்குவாரு. ஆனா ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. காலையில மட்டும் நுரை பொங்க ஆத்தின தே தாரேக் டீ ரெண்டு கிளாஸ் குடிக்கிற மனுசன் மேடம். பைப்பைத் திறந்து விட்டுட்டு கைய மட்டும் நனைச்சுக்கிட்டு நிப்பாரு. பார்க்க முடியாது. அப்பத்தான் போன்ல ஒரு வீடியோவுல இந்த ஸ்மூதியப் பார்த்தேன். தண்ணியே வேணாம், கெட்டியா, ஜில்லுன்னு, கரண்டில எடுத்துச் சாப்பிடலாம். சின்ன கிளாஸ்ல அரைச்சுக் குடுத்தேன். முதல் வாய் வச்சதும் கண்ண மூடிக்கிட்டு, "ஆயோ கலா, உயிர் வந்துச்சுலா" அப்படின்னாரு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அன்னையிலேர்ந்து தினமும் காலையில ஒரு கிளாஸ்.

ரத்தம் கழுவுற இடத்துல குமுதான்னு ஒரு நர்ஸ் மிஸி. நல்ல புள்ள. எந்தப் பழம் ஆகும், எது ஆகாதுன்னு லிஸ்ட் எழுதிக் குடுத்துச்சு. பெலிம்பிங்குக்கு, அதான் நட்சத்திரப் பழம், அதுக்கு மட்டும் சிவப்புப் பேனால வட்டம். "இது ஒரு துண்டுகூட வேணாம் அக்கா, கிட்னி போனவங்களுக்கு விஷம், நேரா மூளைக்குப் போயிடும்"னு ரெண்டு தடவை சொல்லுச்சு. ஃப்ரிட்ஜ் கதவுலயே ஒட்டி வச்சேன். மூணு வருசத்துல நான் ஒரு தடவைகூடத் தப்பு பண்ணினதில்ல. ஐஸ்கிரீம் டப்பாவுல பழத்தைப் போட்டு, மேல டேப் ஒட்டி, பழத்தோட பேரும் தேதியும் எழுதிருவேன். ஆப்பிளும் அன்னாசியும் அவருக்கு. கேமரன் மலை ஸ்ட்ராபெரி ஷர்மினிக்கு, சனி ஞாயிறு வருவால்ல. கறுத்துப்போன வாழைப்பழம் எனக்கு. எஸ்டேட்ல பொறந்தவ மேடம் நான், சுங்கை சிப்புட் பக்கம். ஒரு வாய் சோத்தக் கீழ போட்டா எங்கம்மா முதுகுல ரெண்டு வைக்கும். இன்னைக்கு வரைக்கும் எதையும் கொட்டுற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்பத்தான் ஷர்மினி அப்பாவுக்குத் தன் கிட்னி ஒண்ணைக் குடுக்கணும்னு யாருகிட்டயும் சொல்லாம போயி டெஸ்ட் எடுத்திருக்கா. பொருந்திருச்சு. கோலாலம்பூர்ல ஆபரேஷனுக்குத் தேதியும் குடுத்துட்டாங்க. இவரு பார்க்கணுமே, காப்பிக்கடையில ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லிட்டு வந்தாரு. நான் தனியாக் கூப்பிட்டு, "வேணாம்னு சொல்லிருங்க"ன்னேன். "அவ என் ரத்தம்லா. அவளே குடுக்கிறேங்கிறா, உனக்கு என்னா?"ன்னாரு.

எனக்கு என்னாவா? ரெண்டு கிட்னியோட அவளப் பெத்தது நான். அன்னைக்கு இவரு ஜொகூர்ல லோரியில தூங்கிக்கிட்டு இருந்தாரு.

புள்ளைகிட்டயும் கெஞ்சினேன். "ஒண்ணு இருந்தாலே போதும்மா, டாக்டரே சொல்லிட்டாரு"ன்னா. டாக்டருக்கு என்ன? அப்பனுக்கு வந்த இனிப்பு நீர் நாளைக்கு மகளுக்கு வராதுன்னு எழுதித் தருவாரா? அப்ப அந்த ஒண்ணும் போயிட்டா, அவளும் பைப்படியில கைய நனைச்சுக்கிட்டு நிக்கணுமா? மூணு வாரம் இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். வாங்கிக்க ஆளு இருக்கிற வரைக்கும் இவ குடுக்காம விடமாட்டா. இவ பிடிவாதம் எனக்குத் தெரியும், என்கிட்டேர்ந்து வந்ததுதானே.

தாப்பாவுல என் சின்னம்மா மக பூமணி இருக்கா. அவ வீட்டுக்குப் போயிட்டு வாரப்போ ரோட்டோரக் கடையில பெலிம்பிங் குவிச்சு வச்சிருந்தான். நல்லா மஞ்சளா, பளபளன்னு. யாரும் என்னைய வாங்கச் சொல்லல, நானாத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கழுவி வெட்டினேன். குறுக்க வெட்டினா நட்சத்திரம் நட்சத்திரமா விழும், அவ்வளவு அழகா இருக்கும். டப்பாவுல அடுக்கி, டேப் ஒட்டி, பேரும் தேதியும் எழுதினேன். கைப்பழக்கம் மேடம்.

அந்த வாரம் ஷர்மினி வரல. சனிக்கிழமை காலையில அன்னாசியோட சேர்த்து அரைச்சேன். "என்னா இது, புது ருசியா இருக்கே, நாளைக்கும் இதையே போடு"ன்னாரு. அதை எழுதிக்குங்க. நான் கட்டாயப்படுத்தல, அவருதான் கேட்டாரு. மத்தியானத்துலேர்ந்து விக்கல். நிக்கவே இல்ல. "யாரோ உங்களை நினைக்கிறாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சேன். அவரும் விக்கிக்கிட்டே சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமையும் ஒரு கிளாஸ், அன்னைக்கும் விக்கல். திங்கக்கிழமை காலையில மூணாவது கிளாஸ். மத்தியானம் பேச்சு குழறிடுச்சு, சாயங்காலம் வலிப்பு வந்துருச்சு. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கிடந்தாரு, கண்ணு முழிக்கல. பக்கத்துலயேதான் இருந்தேன், கால அமுக்கி விட்டுக்கிட்டு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, ஷர்மினி ஃப்ரீசரைச் சுத்தம் பண்ணுறேன்னு திறந்தா. வேற யாரா இருந்தாலும் டப்பாவத் தூக்கிப் போட்டிருப்பாங்க. இவ டேப்புல இருந்த எழுத்தைப் படிச்சா. கதவுல இருந்த லிஸ்டைப் படிச்சா. மறுபடி டப்பாவப் பார்த்தா. டப்பாவோட நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்ககிட்ட கொண்டாந்துட்டா. கெட்டிக்காரி, டீச்சர்லா. எனக்குக் கோவமே இல்ல மேடம். ரெண்டு கிட்னியோட நல்லா இருக்கா, எனக்கு அது போதும். நான் செஞ்சது எல்லாம் அவளுக்காகத்தான்.

இப்ப அவ கேள்விக்கு வாரேன். அப்பா ஆபரேஷன் வேணாம்னு டாக்டருக்குச் சொன்னது அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டிருக்கா. காரியத்தன்னைக்கு வந்த டாக்டர் அவகிட்ட சொன்னாராமே.

தெரியும் மேடம். அந்தத் திங்கக்கிழமை காலையில நான் பிளெண்டரைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன், அவரு வந்து பின்னால உட்கார்ந்தாரு. "கலா, ரெண்டு நாளா விக்கல் விடலல்ல. நீதானே சொன்ன, யாரோ நினைக்கிறாங்கன்னு. புள்ளதான் நினைக்கிறா போல. வாய்ல தைரியமா பேசுறா, உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுக் கிடக்கிறா, பாவம். ராத்திரியே டாக்டருக்கு வாட்ஸ்அப் போட்டுட்டேன், அவ கிட்னி வேணாம்னு. உசிரு இருக்கிற வரைக்கும் கழுவிக்கிட்டுப் போறேன், என்னா இப்ப"ன்னாரு.

எனக்குப் பொலபொலன்னு அழுகை வந்துருச்சு. முப்பது வருசத்துல அவரு என் பேச்சைக் கேட்டது அன்னைக்குத்தான். அவரு தலையத் தடவிக் குடுத்தேன், நெத்தியில முத்தம்கூடக் குடுத்தேன். அப்புறம் பிளெண்டரை நிறுத்தி, கிளாஸ்ல ஊத்தி, கரண்டி போட்டு, அவரு கையில குடுத்தேன்.

ஏன் அப்படிப் பார்க்குறீங்க மேடம்? அரைச்சாச்சே. அரைச்சதை எப்படிக் கொட்டுறது?