சுழி பார்த்து வாங்கிய பூனை

அவனியாபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் மடியில் கூடை. கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை.

"ரஷ்யன் ப்ளூவாக்கும், வெளிநாட்டுச் சாதி. சுழியெல்லாம் பாத்துத்தான் வாங்குனேன்."

"மாட்டுக்குப் பாக்குற சுழியைப் பூனைக்குப் பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். ரஷ்யன் ப்ளூவுக்குக் கண்ணு பச்சையா இருக்கும்னு மக போன்ல காட்டுனாள்ல? இதுக்கு மஞ்சக் கண்ணு. வாலுல வரி வேற ஓடுது. இது நம்ம தெருப் பூனை."

"நிறத்தைப் பாருடி. அப்படியே நீலம்."

"மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போனப்பவும் பையன் நல்ல நிறம்னுதான் முடிச்சுட்டு வந்தீக. ஆறே மாசத்துல பெட்டியோட திரும்பி வந்துட்டா. இப்ப அவளுக்குத் துணைக்கு இன்னொரு நிறத்தைத் தூக்கிட்டு வாரீக."